நுரையீரல் மாற்றிய பிறகு எந்த ரத்தப் பரிசோதனையை எவ்வளவு நம்பலாம்

மாற்று நுரையீரல் பொருத்தப்பட்ட ஒருவர். லேசான காய்ச்சல். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மூச்சளவுச் சோதனையான ஸ்பைரோமெட்ரியில் எஃப்.இ.வி.1 (முதல் ஒரு விநாடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு) போன தடவையைவிட 12 சதவீதம் குறைந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் மங்கலாக ஒரு நிழல். இது நிராகரிப்பாகவும் (உடலின் எதிர்ப்பாற்றல் மாற்று நுரையீரலைத் தாக்குவது) இருக்கலாம், தொற்றாகவும் இருக்கலாம். அறிகுறி ஒன்றுதான், வைத்தியமோ நேரெதிர். நிராகரிப்பு என்றால் மீதைல்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை ஒரு நாளைக்கு 500 முதல் 1,000 மி.கி. வரை, வழக்கமாக 3 நாள் ஊசியாக ஏற்றுவார்கள். தொற்று என்றால் அதே ஸ்டீராய்டு கிருமிக்குத்தான் விருந்து.

இதைப் பிரித்தறிய இன்றும் உரைகல்லாக இருப்பது பிராங்கோஸ்கோபி (மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழாய் செலுத்துவது) வழியாக எடுக்கும் பயாப்சி, அதாவது திசுத்துண்டுச் சோதனை. காற்றறைகள் உள்ள திசுத்துண்டு குறைந்தது 5 வேண்டும். ரத்தக்கசிவும் நெஞ்சறைக்குள் காற்றுக் கசிவும் நேரலாம். போதாக்குறைக்கு, ஒரே கண்ணாடித் தகட்டைப் பார்க்கும் இரண்டு நோய்க்குறியியலாளர்கள் இரண்டு தரம் சொல்வதும் உண்டு. ரத்தத்தில் ஒரு மார்க்கர், அதாவது நோயைக் காட்டும் குறி, கிடைத்தால் தேவலை என்று எல்லோரும் தேடுவதற்குக் காரணம் இதுதான். தேடலில் கிடைத்தவை ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை "நுரையீரலுக்கு அடிபட்டிருக்கிறது" என்பதோடு நின்றுவிடும். அடித்தது யார் என்று சொல்லாது. இந்த ஒரு குறையை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே உள்ளவை எளிதில் புரியும்.

முதல் 72 மணி நேரம்

ரத்த ஓட்டமில்லாமல் குளிரில் கிடந்த நுரையீரலுக்குள் திடீரென்று ரத்தம் பாயும்போது ஏற்படும் காயம்தான் பி.ஜி.டி. எனப்படும் முதன்மைச் செயலிழப்பு. தரம் பிரிப்பது சிக்கலில்லை. எக்ஸ்ரேயில் இரு பக்கமும் நீர் கோத்த நிழல் தெரிந்து, தமனி ரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தத்தை உள்ளிழுக்கும் ஆக்சிஜன் பங்கால் வகுத்தால் 300-க்கு மேல் வந்தால் தரம் 1. 200 முதல் 300 வரை தரம் 2. 200-க்குக் கீழே தரம் 3. நிழலே இல்லையென்றால் தரம் 0. பூஜ்ய நேரம், 24, 48, 72 மணி என்று நான்கு தடவை பார்க்க வேண்டும். 48-லும் 72-லும் தரம் 3-ஆகவே இருப்பவர்கள்தான் கவலைக்குரியவர்கள். பின்னாளில் நாள்பட்ட செயலிழப்பு வரும் வாய்ப்பும் அவர்களுக்கே கூடுதல்.

இந்தக் கட்டத்துக்கான மார்க்கர்களில் அதிகம் ஆராயப்பட்டது எஸ்-ரேஜ். காற்றறையின் உட்சுவரில் தட்டையாகப் படர்ந்திருக்கும் முதல் வகைச் செல்கள் சிதையும்போது ரத்தத்தில் கலக்கும் புரதம் இது. ரத்தக்குழாயின் உட்படலம் காயப்பட்டால் ஆஞ்சியோபொயட்டின்-2 ஏறும். உறைதல் சமநிலை குலைந்தால் பி.ஏ.ஐ.-1 ஏறி, புரதம்-சி இறங்கும். அழற்சிக்கு இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8, பென்ட்ராக்சின்-3. ஒவ்வொன்றும் காயத்தின் ஒவ்வொரு அடுக்கைக் காட்டுவதால், ஒன்றை மட்டும் பார்ப்பதைவிடச் சேர்த்துப் பார்ப்பது மேல்.

ஆனால், தீவிர சிகிச்சைப் பிரிவில் இவற்றால் உடனடிப் பலன் குறைவு என்பதே என் கணிப்பு. ரத்த வாயுப் பரிசோதனை 5 நிமிடத்தில் சொல்வதை, 4 மணி நேரம் பிடிக்கும் எலைசா பரிசோதனை வந்து மறுபடி சொல்லத் தேவையில்லை. இதய-நுரையீரல் இயந்திரத்தில் ஓடியிருந்தாலும், நிறைய ரத்தம் ஏற்றியிருந்தாலும் இந்த மார்க்கர்களில் பல தாமாகவே ஏறிவிடும். இன்டர்லூகின்-6 மணிக்கு மணி மாறக்கூடியது. ரத்தம் எடுத்த நேரத்தை, இரண்டாவது நுரையீரலில் ரத்தம் பாயத் தொடங்கிய கணத்திலிருந்து எண்ணிக் குறிக்காவிட்டால் ஒரு நோயாளியின் எண்ணை இன்னொருவரின் எண்ணோடு ஒப்பிடவே முடியாது.

பலன் இருக்கும் இடம் அறுவைக்கு முந்தைய கட்டம். தானமாக வந்த நுரையீரலை உடலுக்கு வெளியே இயந்திரத்தில் வைத்து, உடல் வெப்பத்தில் திரவம் ஓட்டிச் சோதிக்கும் முறையின் சிகிச்சை முடிவுகளை டொரண்டோ குழு 2011-இல் வெளியிட்டது. அந்தத் திரவத்தில் இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8 இரண்டையும் அளந்தால், பொருத்தலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க உதவும். வந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

முதல் வாரத்தில் எல்லோரும் கேட்கும் இரண்டு எண்கள், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் பாக்டீரியத் தொற்றைத் தேடப் பார்க்கும் புரோகால்சிட்டோனினும். அறுவையே இரண்டையும் ஏற்றும். சி.ஆர்.பி. இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம் தொடும். புரோகால்சிட்டோனின் அதற்கு முன்பே உச்சம் தொட்டு, பிறகு நாளுக்கு ஏறத்தாழப் பாதியாக இறங்கும். ஆகவே ஒற்றை எண்ணால் பயனில்லை. இறங்கிக்கொண்டிருந்தது திரும்பி ஏறினால்தான் செய்தி. இதிலும் பொறிகள் உண்டு. எதிர்ப்பாற்றலை அடக்கும் ஆன்டிதைமோசைட் குளோபுலின் கொடுத்திருந்தால் கிருமியே இல்லாமல் புரோகால்சிட்டோனின் எகிறும். டோசிலிசுமாப் கொடுத்திருந்தால் சி.ஆர்.பி. கடும் தொற்றிலும் எழாது, ஏனென்றால் கல்லீரலில் அதை உற்பத்தி செய்யச் சொல்லும் இன்டர்லூகின்-6 சமிக்ஞையையே அந்த மருந்து அடைத்துவிடுகிறது. மருந்து அட்டையைப் பார்க்காமல் இந்த இரண்டையும் படிக்கக் கூடாது.

முதல் மாதத்தில் யாரும் எளிதில் நினைத்துப் பார்க்காத ஒரு பரிசோதனை அம்மோனியா. நோயாளி குழம்பிப் பேசுகிறார், தூக்கக் கலக்கம், பிறகு வலிப்பு. கல்லீரல் சோதனைகளோ சரியாக இருக்கின்றன. இப்படி வந்தால் அன்றே அம்மோனியா பார்க்க வேண்டும். அரிதுதான், ஆனால் கொல்லக்கூடியது. யூரியாபிளாஸ்மா, மைக்கோபிளாஸ்மா ஹோமினிஸ் ஆகிய கிருமிகள் பல நேரங்களில் இதன் பின்னால் இருக்கும். இவற்றுக்குச் செல்சுவர் கிடையாது; பென்சிலின் வகை மருந்து எதுவும் வேலை செய்யாது. டாக்சிசைக்ளின், ஃப்ளூரோகுவினோலோன் போன்றவை தேவை. சாதாரண வளர்ப்பூடகத்தில் இவை எளிதில் வளரவும் வளராது என்பதால் பி.சி.ஆர். (கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் சோதனை) கேட்டு அனுப்ப வேண்டும். மாதிரி எடுப்பதில்தான் பாதித் தவறு நடக்கிறது. கையில் கட்டு இறுக்கி வைத்துக்கொண்டு முஷ்டியை மடக்கச் சொன்னால் அளவு பொய்யாக ஏறும். குழாயை உடனே பனிக்கட்டியில் வைத்து, 15 முதல் 30 நிமிடத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். மேசையில் ஒரு மணி நேரம் கிடந்த குழாயில் வரும் உயர் அம்மோனியா, அந்த மேசையின் அம்மோனியா.

கொடையாளரின் டி.என்.ஏ.

இப்போது அதிகம் பேசப்படுவது இதுதான். செல் இறக்கும்போது அதன் டி.என்.ஏ. சுமார் 166 கார இணை நீளத் துணுக்குகளாக உடைந்து ரத்தத்தில் மிதக்கும். மாற்று நுரையீரலின் செல்களில் இருப்பது கொடையாளரின் டி.என்.ஏ. இருவருக்கும் வேறுபடும் மரபெழுத்துகளை வரிசைப்படுத்தி எண்ணினால், மிதக்கும் மொத்த டி.என்.ஏ.வில் கொடையாளருடையது எத்தனை சதவீதம் என்று தெரிந்துவிடும். துணுக்குகள் ஓரிரு மணி நேரத்தில் கரைந்துவிடுவதால் இது பழைய கதை இல்லை, அன்றைய நிலவரம்.

அறுவை முடிந்த முதல் நாட்களில் இந்த விகிதம் மிக உயர்ந்து, அடுத்த வாரங்களில் படிப்படியாக இறங்கி ஒரு தளத்தில் நிற்கும். அதற்குப் பிறகு 1 சதவீதம் என்ற கோட்டைப் பலர் எல்லையாக வைக்கிறார்கள், 0.5 என்போரும் உண்டு. ஒற்றை நுரையீரல் மட்டும் மாற்றியவருக்கு இந்தக் கோடு பொருந்தாது. திசு பாதி என்பதால் விகிதமும் ஏறத்தாழப் பாதியாகத்தான் இருக்கும். அறிக்கையில் இதைக் குறிப்பிடாமல் விட்டால், நிராகரிப்பில் இருப்பவரையும் "இயல்பு" என்று வீட்டுக்கு அனுப்ப நேரும்.

சதவீதம் என்பதால் வரும் இன்னொரு வில்லங்கம் பகுதியெண்ணில் ஒளிந்திருக்கிறது. கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஒரு மி.லி. பிளாஸ்மாவில் கொடையாளர் துணுக்குகள் 20, நோயாளியின் சொந்தத் துணுக்குகள் 1,980 என்றால் விகிதம் 1 சதவீதம். அவருக்குச் சிறுநீர்த் தொற்று வந்து வெள்ளணுக்கள் கூடுகின்றன. சொந்தத் துணுக்குகள் 5,980 ஆகின்றன. கொடையாளருடையது அதே 20. விகிதம் 0.33-க்கு விழுந்துவிட்டது, நுரையீரலில் எதுவும் மாறாமலே. திருப்பிப் போட்டால் இன்னும் மோசம்: கொடையாளர் துணுக்குகள் மூன்று மடங்காகி 60 ஆனாலும், சொந்தத் துணுக்குகள் 5,940-க்கு ஏறியிருந்தால் அறிக்கை அதே 1 சதவீதம் என்றுதான் சொல்லும். எனவே சதவீதத்தோடு மி.லி.க்கு எத்தனை துணுக்கு என்ற நேரடி எண்ணையும் ஆய்வகத்திடம் கேட்டு வாங்குங்கள். அதைத் தராத ஆய்வகம் என்றால், அன்றைய வெள்ளணு எண்ணிக்கையையாவது பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இதே பகுதியெண்தான் மாதிரி எடுப்பதிலும் சிக்கல் செய்கிறது. ரத்தம் உறையாமல் வைக்கும் சாதாரண ஈ.டி.டி.ஏ. குழாயில் ரத்தத்தை நெடுநேரம் விட்டால் நோயாளியின் வெள்ளணுக்கள் குழாய்க்குள்ளேயே உடைந்து சொந்த டி.என்.ஏ.வைக் கொட்டும், விகிதம் பொய்யாகக் குறையும். இது ஆபத்தான திசையில் வரும் பிழை, ஏனென்றால் எண் பார்க்க நன்றாக இருக்கிறது. ஈ.டி.டி.ஏ. என்றால் சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்தாக வேண்டும். முதல் சுழற்சி 1,600 ஜி விசையில் 10 நிமிடம்; மேலே நிற்கும் பிளாஸ்மாவை, வெள்ளணுப் படலத்தைத் தொடாமல் எடுத்து, 16,000 ஜி-யில் இன்னொரு 10 நிமிடம். வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்புவதானால் வெள்ளணுவை உடையாமல் காக்கும் வேதிப்பொருள் கலந்த 10 மி.லி. குழாய்களே சரி. கோடு வரை நிரப்பி, 8 முதல் 10 தடவை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கி, அறை வெப்பத்தில் அனுப்பலாம். குலுக்கக் கூடாது, உறைய வைக்கக் கூடாது. ஹெப்பாரின் குழாய் வேண்டவே வேண்டாம், அது பி.சி.ஆர். வினையைத் தடுக்கும்.

பயாப்சியும் ரத்தமும் ஒரே நாளில் என்றால் ரத்தம் முதலில். திசுவைக் கிள்ளி எடுத்த பிறகு எடுக்கும் ரத்தத்தில் அந்தக் கிள்ளலின் டி.என்.ஏ.வும் சேர்ந்திருக்கும். கொடையாளர் நோயாளியின் உருவமொத்த (ஒரே கருமுட்டையில் உருவான) இரட்டையராக இருந்தால் பரிசோதனையே செல்லாது. முன்பே வேறு உறுப்பு மாற்றியவர், எலும்பு மஜ்ஜை மாற்றியவர், கர்ப்பிணி ஆகியோருக்கு ரத்தத்தில் மூன்றாவது நபரின் டி.என்.ஏ. இருக்கும் என்பதை ஆய்வகத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்து 1 சதவீதத்துக்கு மேல் வந்தால் நிராகரிப்பா? இல்லை. செல்வழி நிராகரிப்பு, ஆன்டிபாடி வழி நிராகரிப்பு, நிமோனியா, சுவாச வைரஸ், இரைப்பை நீர் மூச்சுக்குழாயில் ஏறுவது என எதுவும் இதை ஏற்றும். ஒரு கற்பனைக் கணக்கு: 100 மாதிரிகளில் 15-இல் உண்மையான நிராகரிப்பு என்று வையுங்கள். பரிசோதனை, இருப்பதை 80 சதவீதமும் இல்லாததை 80 சதவீதமும் சரியாகச் சொல்கிறது. நிராகரிப்புள்ள 15-இல் 12 பிடிபடும், 3 தப்பும். இல்லாத 85-இல் 68 சரியாக விடுபடும், 17 வீணாக மாட்டும். ஆக, "உயர்வு" என்று வந்த 29-இல் உண்மையானது 12, பாதிக்கும் கீழே. "இயல்பு" என்று வந்த 71-இலோ 68 உண்மை. இந்தப் பரிசோதனையின் பலம், "நிராகரிப்பு இல்லை" என்று சொல்வதில்தான். நன்றாக இருப்பவருக்கு வழக்கத்துக்காகச் செய்யும் பயாப்சியைத் தவிர்க்க இது உதவும். ஸ்டீராய்டு ஏற்ற இது மட்டும் காரணமாக முடியாது.

ஆன்டிபாடி

கொடையாளர் செல்களின் மேலிருக்கும் அடையாளப் புரதங்களான எச்.எல்.ஏ.வுக்கு எதிராக நோயாளி உருவாக்கும் ஆன்டிபாடியை ஆய்வகத்தில் டி.எஸ்.ஏ. என்பார்கள். புதிதாகத் தோன்றுபவற்றில் டி.கியூ. என்ற எச்.எல்.ஏ. வகைக்கு எதிரானவையே அதிகம். நுண்மணிகளில் ஒவ்வொரு எச்.எல்.ஏ. புரதத்தையும் தனித்தனியே பூசி, ஒளிர்வை அளந்து, எம்.எஃப்.ஐ. என்ற எண்ணாகத் தருவார்கள். இந்த எண்ணை ஆன்டிபாடியின் அளவு என்று நினைப்பதுதான் பெரிய தவறு. அது வெறும் ஒளிர்வு. ஓர் ஆய்வகத்தின் 1,500-ஐ இன்னோர் ஆய்வகத்தின் 2,500-ஓடு ஒப்பிட்டு "ஏறிவிட்டது" என்று சொல்ல முடியாது.

ஆன்டிபாடி மிக அதிகமாக இருக்கும்போது எண் குறைவாக வருவதும் உண்டு. மணியின் மேல் காம்ப்ளிமென்ட் எனப்படும் எதிர்ப்பாற்றல் புரதங்கள் அடையாகப் படிந்து, ஒளிரும் இரண்டாம் ஆன்டிபாடியை ஒட்டவிடாமல் மறைத்துவிடும். சீரத்தை நீர்த்தோ, ஈ.டி.டி.ஏ. சேர்த்தோ மறுபடி ஓட்டினால் உண்மை வெளிவரும். நோயாளி மோசமாகிக்கொண்டே இருக்கிறார், முன்பு உயர்ந்திருந்த டி.எஸ்.ஏ. திடீரென்று "குறைந்திருக்கிறது" என்றால், சிகிச்சை வென்றது என்று மகிழ்வதற்கு முன் நீர்த்த மாதிரியைக் கேளுங்கள்.

நரம்பு வழி ஏற்றும் இம்யூனோகுளோபுலினுக்கு முன்பே இந்த ரத்தத்தை எடுத்துவிட வேண்டும். அந்த ஒரு மருந்து மூன்று பரிசோதனைகளைக் குழப்பும்: டி.எஸ்.ஏ. ஒளிர்வைக் கலைக்கும், பூஞ்சைக்கான பீட்டா-டி-குளுக்கனைப் பொய்யாக ஏற்றும், வைரஸ் ஆன்டிபாடி சோதனைகளில் அந்த மருந்துக்குப் பிளாஸ்மா கொடுத்தவர்களின் ஆன்டிபாடியை நோயாளியுடையதாகக் காட்டும்.

மறுபக்கம்: மருந்து அதிகமாகிவிட்டதா

நிராகரிப்பைத் தடுக்கும் மருந்தான டேக்ரோலிமஸின் ரத்த அளவு புதிய மார்க்கர் இல்லை, ஆனாலும் எல்லாவற்றையும்விட அதிகம் முன்னறிவிப்பது அதுதான். முதல் மாதங்களில் பல மையங்கள் 10 முதல் 15 நானோகிராம் வரை ஒரு மி.லி.க்கு வைக்கின்றன, பிறகு குறைக்கின்றன. முந்தைய மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, அடுத்ததைப் போடுவதற்கு முன் எடுக்க வேண்டும். காலை மாத்திரையைப் போட்டுவிட்டு வந்தவரின் ரத்தம் உச்ச அளவைக் காட்டும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால் அடுத்த மாதம் நிராகரிப்பு. பூஞ்சை மருந்தான வோரிகோனசோல் தொடங்கினால் டேக்ரோலிமஸை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். வோரிகோனசோலை நிறுத்தும் நாளில் மறுபடி ஏற்ற மறப்பது அடிக்கடி நடக்கிறது. வயிற்றுப்போக்கில் அளவு குறையும் என்று நினைப்போம். உண்மையில் ஏறும், குடல்சுவரில் மருந்தைச் சிதைக்கும் நொதியும் வெளியேற்றும் புரதமும் பழுதாவதால். அளவு சராசரியாகச் சரியாக இருந்தும் வாரத்துக்கு வாரம் தாவிக்கொண்டே இருந்தால், அந்தத் தாவலே ஓர் எச்சரிக்கை.

சிறுநீரகத்தைக் கவனிக்க கிரியேட்டினின் (தசையிலிருந்து வரும் கழிவு) போதும் என்று இருந்துவிடக் கூடாது. தசை கரைந்த நோயாளிக்கு அது பொய்யாக நல்ல எண் காட்டும். மாற்றாக சிஸ்டாட்டின்-சி பார்க்கலாம்தான், ஆனால் ஸ்டீராய்டு அதை ஏற்றும்.

மருந்தின் ரத்த அளவு ஒன்று, அது எதிர்ப்பாற்றலை எவ்வளவு அடக்கியிருக்கிறது என்பது வேறு. அதை அளக்க வந்த சுவையான யோசனை டோர்க் டெனோ வைரஸ். 1997-இல் ஜப்பானில் கண்டெடுக்கப்பட்டது. பெரும்பாலான பெரியவர்களின் ரத்தத்தில் இருக்கும், நோய் எதையும் தருவதாக நிறுவப்படவில்லை. எதிர்ப்பாற்றல் தளர்ந்தால் பெருகும், இறுகினால் குறையும். எண்ணிக்கை மிக உயர்ந்தால் தொற்றை எதிர்பார்க்கலாம், தாழ்ந்தால் நிராகரிப்பை. சிறுநீரக மாற்றுக்குச் சொல்லப்படும் எல்லைகளை நுரையீரலுக்கு அப்படியே எடுத்துவரக் கூடாது. இங்கே மருந்தின் வீரியமே வேறு, வைரஸ் எண்ணிக்கையும் மேலே நிற்கும்.

சைட்டோமெகாலோ வைரஸில் கொடையாளருக்கு இருந்து, பெறுபவருக்கு முன்பு வராமல் இருந்த ஜோடிதான் ஆபத்தானது. அந்த வைரஸைத் தடுக்கும் வால்கான்சிக்ளோவிர் நிறுத்திய அடுத்த 3 மாதம் கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும். பி.சி.ஆர். எண்ணை ஒரே ஆய்வகத்தில், ஒரே வகை மாதிரியில் பாருங்கள். முழு ரத்தத்தின் எண்ணும் பிளாஸ்மாவின் எண்ணும் ஒன்றல்ல. மூன்று மடங்குக்குக் குறைவான ஏற்ற இறக்கம் பரிசோதனையின் ஆட்டமாகவே இருக்கலாம். ரத்தத்தில் ஒன்றும் தெரியாமல் கழுவுநீரில் (பிராங்கோஸ்கோப் வழியாக நுரையீரலைக் கழுவி எடுக்கும் நீர்) மட்டும் வைரஸ் இருப்பதும் உண்டு.

ஆண்டுகள் கடந்த பின்

கிளாட் எனப்படும் நாள்பட்ட செயலிழப்பு 5 ஆண்டுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வருகிறது. அறுவைக்குப் பிந்தைய சிறந்த இரண்டு எஃப்.இ.வி.1 அளவுகளின் சராசரி அடிப்படை. அந்த இரண்டுக்கும் இடையே குறைந்தது 3 வாரம் இருக்க வேண்டும். அதிலிருந்து 20 சதவீதமோ அதற்கு மேலோ விழுந்து, 3 மாதம் கடந்தும் மீளாவிட்டால் கிளாட். இதை முன்கூட்டிச் சொல்ல கே.எல்.-6, சி.சி.16, எம்.எம்.பி.-9 என்று பல புரதங்கள் ஆராயப்பட்டுள்ளன. சி.எக்ஸ்.சி.எல்.9, சி.எக்ஸ்.சி.எல்.10 இரண்டும் நம்பிக்கை தருபவை, ஆனால் ரத்தத்தில் அல்ல, கழுவுநீரில்தான் தெளிவாகப் பேசுகின்றன. ரத்தத்தில் இருக்கும் மலிவான குறி இயோசினோஃபில் என்ற வெள்ளணு வகை. வழக்கமான ரத்த அணு எண்ணிக்கைச் சோதனையிலேயே வந்துவிடும், யாரும் பார்ப்பதில்லை. நுரையீரல் தழும்பு நோயால் மாற்றுக்கு வந்தவர்களுக்கு அறுவைக்கு முன்பே டெலோமியர் (குரோமோசோமின் நுனி) நீளம் பார்ப்பது பயனுள்ளது. வயதுக்கு மிகக் குட்டையாக இருந்தால், எதிர்ப்பாற்றலை அடக்கும் மைக்கோஃபீனோலேட்டும் வால்கான்சிக்ளோவிரும் சேரும்போது வெள்ளணு சரியும் வாய்ப்பு அதிகம் என்று முன்கூட்டியே தெரியும்.

முடிவில் எண்களைச் சேர்த்துப் படிப்பதுதான் வேலை. கொடையாளர் டி.என்.ஏ. உயர்வு, புதிதாக டி.எஸ்.ஏ., ஆனால் மூச்சு நன்றாகவே இருக்கிறது என்றால், எஃப்.இ.வி.1 விழும்வரை காத்திருக்காமல் பயாப்சி எடுத்து, ஆன்டிபாடித் தாக்குதலின் தடயத்தைக் காட்டும் சி4டி சாயமும் கேட்க வேண்டும். டி.என்.ஏ. உயர்வு, டி.எஸ்.ஏ. இல்லை, புரோகால்சிட்டோனின் திரும்பி ஏறுகிறது என்றால் முதலில் கிருமியைத் தேடி, சிகிச்சை முடிந்த சில வாரத்தில் டி.என்.ஏ.வை மறுபடி பார்க்கலாம். டி.என்.ஏ. தாழ்ந்தே இருக்கிறது, டி.எஸ்.ஏ. இல்லை, கிருமியும் இல்லை, ஆனாலும் எஃப்.இ.வி.1 விழுந்துகொண்டே போகிறது என்றால் மூச்சுக்குழாய்த் தையல் சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உதரவிதான நரம்பு செயலிழந்திருக்கலாம், எடை கூடியிருக்கலாம், சத்தமில்லாத கிளாட் தொடங்கியிருக்கலாம். தையல் சுருங்கியதை எந்த ரத்தப் பரிசோதனையும் காட்டாது. பிராங்கோஸ்கோப்பை இறக்கித்தான் பார்க்க வேண்டும்.